தியோடர் ஹோவர்டு சாமர்வெல்

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – ஜனவரி 23, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர், மலையேறுநர், ஓவியர், கிறித்தவ மருத்துவ ஊழியர் ஆவார். முதலாம் உலகப்போரில் பிரான்சு நாட்டில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தவர். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற எவரெஸ்ட் மலையேற்றப் பயணங்களில் பங்கேற்றார். அதன் பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியலுக்கு அடுத்துள்ள நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.

மலையேறுநர் என்ற வகையிலேயே உலகம் இவரைப் பெரிதும் அறிந்துள்ளது. ஆயினும் இவரது வாழ்க்கைப் போக்கை மாற்றியது 1916-ஆம் ஆண்டு சொம் போர்க்களத்திற்குப் பின்னே, காயமுற்றோர் நடுவில் இவர் பெற்ற அனுபவமாகும். அந்த அனுபவம் இவரை வாழ்நாள் முழுவதும் போர் எதிர்ப்பாளராக ஆக்கியது.

இளமைக்காலம்

சாமர்வெல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அவ்வூரில் புகழ்பெற்ற காலணித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தனர். ரக்பி பள்ளியில் கல்வி பயின்ற பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அன் கீசு கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று, இரு தேர்வுகளிலும் முதல் வகுப்பில் தேறினார். தொடர்ந்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார்.

கெண்டலை அடுத்த ஏரி மாவட்டத்துக் குன்றுகள் இளமையிலேயே இவரை மலையேற்றத்தில் ஈடுபடச் செய்தன. இசையிலும் ஓவியத்திலும் இவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. குடும்பத் தொழிலில் சேராமல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்த இவர், பயிற்சி முடித்த காலத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது.

முதலாம் உலகப்போரில் பணி

1915-ஆம் ஆண்டில் சாமர்வெல் அரச இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1918 வரை அங்கே பணியாற்றினார். கேப்டன் தரநிலையில் இருந்த இவர், மேற்கு லங்காசயர் பிரிவைச் சேர்ந்த போர் மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவராக இருந்தார். இவரது பணி இராணுவ அறிக்கைகளில் பாராட்டிக் குறிப்பிடப்பட்டது.

போர் மருத்துவமனைகளின் அமைப்பு

மேற்குப் போர்முனையில் காயமடைந்த வீரர் ஒருவர் பல படிகளைக் கடந்தே முழுமையான மருத்துவமனையை அடைந்தார். பதுங்குகுழிக்கு அருகில் இருந்த முதலுதவி நிலையத்தில் காயத்திற்குக் கட்டுப் போடப்படும். அங்கிருந்து தூக்குப்படுக்கையில் சுமந்து செல்லப்பட்டு, களமருத்துவப் பிரிவை அடைவார். அதற்கு அடுத்த படி, இடைநிலைப் போர் மருத்துவமனை ஆகும். சாமர்வெல் பணியாற்றியது இவ்வகை மருத்துவமனையிலேயே.

இடைநிலை மருத்துவமனைகள் போர்முனையிலிருந்து சில மைல்கள் பின்னே, பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டி அமைக்கப்பட்டன. கூடாரங்களும் மரக்கொட்டகைகளும் கொண்ட இவற்றைத் தேவைக்கேற்ப இடம் மாற்ற முடியும். உயிர்காக்கும் அறுவை மருத்துவம் முதன்முதலாகச் செய்யப்படும் இடம் இதுவே. பிழைத்தவர்கள் இங்கிருந்து மருத்துவத் தொடருந்து மூலம் கடற்கரை நகரங்களில் இருந்த தளமருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து மருத்துவக் கப்பல் மூலம் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டனர். நோயாளரை நீண்ட நாள் வைத்திருப்பது இவற்றின் நோக்கமன்று. பெறுதல், பிரித்தல், அறுவை செய்தல், அனுப்புதல் என்பவையே இவற்றின் பணிகள். ஆகவே தொடருந்து வருவதில் தாமதம் ஏற்பட்டால் மருத்துவமனை முழுவதும் நிரம்பிவிடும்.

1916, ஜூலை 1

சொம் ஆற்றுப் பகுதியில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் செருமானியப் படைகளுக்கு எதிராகப் பெரும் தாக்குதல் ஒன்றை 1916, ஜூலை 1 அன்று தொடங்கின. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 57,470 பேர் பாதிப்புற்றனர். இவர்களுள் 19,240 பேர் உயிரிழந்தனர். பிரித்தானிய இராணுவ வரலாற்றில் ஒரே நாளில் நேர்ந்த மிகப்பெரிய இழப்பு இதுவாகும். இப்போர் அதே ஆண்டு நவம்பர் 18 வரை நீடித்தது.

சாமர்வெல்லின் மருத்துவமனை அப்போது அமியான் நகருக்கு அருகில் வெக்மோன் என்னும் சிற்றூரில் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேரை எதிர்பார்த்து ஆயத்தங்கள் செய்யப்பட்டிருந்தன. ஆனால் காயமுற்றோரை ஏற்றிவந்த ஊர்திகள் சாலையில் நெடுந்தொலைவு வரிசையாக நின்றன. கூடாரங்கள் நிறைந்த பின்னர், மருத்துவமனையைச் சூழ்ந்திருந்த ஐந்தாறு ஏக்கர் நிலம் முழுவதும் தூக்குப்படுக்கைகளால் நிரம்பியது. போர்ப்பகுதியின் பல இடங்களிலும் எதிர்பார்த்த மருத்துவத் தொடருந்துகள் உரிய நேரத்தில் வராததால், சிகிச்சை பெற்றவர்களை வெளியே அனுப்பவும் இயலவில்லை.

அறுவைக் கூடாரத்தில் நான்கு மருத்துவர்கள் பணிபுரிந்தனர். அவர்களுள் சாமர்வெல்லும் ஒருவர். வெளியே நூற்றுக்கணக்கானோர் காத்திருந்தனர். எவரை மேசைக்குக் கொண்டுவருவது, எவரை விட்டுவிடுவது என்பதை மருத்துவர்களே முடிவு செய்யவேண்டியிருந்தது. வயிற்றில் குண்டு பாய்ந்த ஒருவருக்கு அறுவை செய்ய நீண்ட நேரம் ஆகும். அந்த நேரத்தில் கை கால்களில் காயமுற்ற பலரைக் காப்பாற்ற இயலும். ஆகவே பிழைக்கும் வாய்ப்புக் குறைந்தவர்கள் தனியே வைக்கப்பட்டனர். அமைதிக்காலத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கே முதலிடம் தரப் பயின்ற மருத்துவருக்கு, இது தாம் கற்றதற்கு நேர்மாறான கடமையாக இருந்தது.

அறுவைகளுக்கு இடையே கிடைத்த சிறு ஓய்வுகளில் சாமர்வெல் வெளியே வந்து, படுத்திருந்தவர்களிடையே நடந்து அவர்களோடு பேசினார். தமக்கு முதலில் சிகிச்சை அளிக்குமாறு அவர்களுள் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சாகும் தறுவாயில் இருந்தவர்களின் இப்பொறுமை இவரது நெஞ்சில் ஆழப் பதிந்தது. போர்க்களத்தில் ஒருநாள் இளைப்பாற அமர்ந்தபோது, எதிரே உறங்குவதாக எண்ணிய இளைஞன் ஒருவன் உண்மையில் இறந்து கிடந்ததை உணர்ந்த நிகழ்வையும் அவர் எழுதியுள்ளார். பதினெட்டு வயது மதிக்கத்தக்க அந்தப் பெயர் தெரியாத இளைஞனின் முன் அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

காயங்களும் சிகிச்சையும்

இப்போரில் பெரும்பாலான காயங்கள் பீரங்கிக் குண்டுகளின் சிதறல்களால் ஏற்பட்டன. சிதறல்கள் உடலுக்குள் புகும்போது சீருடைத் துணியையும் மண்ணையும் உடன் கொண்டு சென்றன. வடபிரான்சின் வயல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாணஉரம் இடப்பட்டவை. அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிகள் காயத்தில் புகுந்து வாயு அழுகல், இசிவுநோய் முதலியவற்றை உண்டாக்கின. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அக்காலத்தில் இல்லை. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்தது இரண்டாம் உலகப்போரின்போதே ஆகும். ஆகவே அழுகத் தொடங்கிய தசை முழுவதையும் வெட்டி நீக்கிக் காயத்தைத் திறந்த நிலையில் விட்டுக் கழுவுவதே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. காலம் தாழ்ந்தால் கை கால்களைத் துண்டிக்க நேர்ந்தது.

போர் நீண்ட ஆண்டுகளில் அறுவை மருத்துவம் வேகமாக வளர்ந்தது. தொடையெலும்பு முறிவுக்குத் தாமசு கட்டுச்சட்டம் பரவலாகப் பயன்பட்டது. குருதி ஏற்றும் முறை 1917 முதல் போர்முனை மருத்துவமனைகளில் பரவியது. மயக்கமருந்து அளிக்கும் முறைகளும் மேம்பட்டன. இளம் மருத்துவர் ஒருவர் அமைதிக்காலத்தில் பல்லாண்டுகளில் காணக்கூடிய அறுவைகளைச் சில மாதங்களிலேயே செய்யவேண்டியிருந்தது. பிற்காலத்தில் நெய்யூரில் சாமர்வெல் காட்டிய விரைவும் துணிவும் இப்பயிற்சியின் விளைவே எனலாம்.

செவிலியர்

இடைநிலை மருத்துவமனைகளே பெண் செவிலியர் பணியாற்றிய, போர்முனைக்கு மிக அருகிலிருந்த இடங்களுள் அடங்கும். போரின் தொடக்கத்தில் இவ்விடங்களுக்குப் பெண்களை அனுப்ப இராணுவம் தயங்கியது. 1914-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இத்தயக்கம் மாறியது. அரசி அலெக்சாந்திராவின் பெயரால் அமைந்த இராணுவச் செவிலியர் சேவையினரும் அதன் துணைப் படையினரும் இங்குப் பணிபுரிந்தனர்.

வந்து சேர்ந்தவரின் உடையை வெட்டி நீக்குதல், காயத்தைக் கழுவுதல், இசிவுத் தடுப்பூசி இடப்பட்டதைத் தோலில் குறியிட்டுக் காட்டுதல், வலி தணிக்க மார்பின் அளித்தல், அறுவைக்கு ஆயத்தம் செய்தல் ஆகியவை இவர்களது அன்றாடப் பணிகள். பிழைக்கமாட்டார் எனத் தனியே வைக்கப்பட்டோரின் கூடாரங்களைக் கவனித்தவர்களும் செவிலியரே. அங்கே செய்யக்கூடியது வலியைக் குறைப்பதும் நீர் அருந்தத் தருவதும் உடனிருப்பதுமே. இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஆறுதல் மடல் எழுதும் பொறுப்பும் பல இடங்களில் இவர்களைச் சேர்ந்தது. அவ்வாறு வைக்கப்பட்டோருள் சிலர் இவர்களது கவனிப்பால் தேறி, மீண்டும் அறுவை மேசைக்குக் கொண்டுவரப்பட்டதும் உண்டு.

இப்பணி ஆபத்து நிறைந்தது. பெல்ஜியத்தின் பிராண்டுக் என்னுமிடத்தில் இருந்த இடைநிலை மருத்துவமனை 1917, ஆகஸ்டு 21 அன்று பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானபோது நெல்லி ஸ்பிண்ட்லர் என்னும் செவிலியர் உயிரிழந்தார்.

இந்தியாவில் இராணுவச் செவிலியர் பணி 1888-ஆம் ஆண்டில் பிரித்தானியச் செவிலியர் பத்துப் பேர் பம்பாய் வந்து சேர்ந்ததோடு தொடங்கியது. முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914-இல்தான் இந்தியச் செவிலியர் முதன்முதலாக இராணுவப் பணிக்குச் சேர்க்கப்பட்டனர். 1926, அக்டோபர் 1 அன்று இந்திய இராணுவச் செவிலியர் சேவை நிலையான அமைப்பாக நிறுவப்பட்டது.

போரின் விளைவு

போருக்குப் பின் இங்கிலாந்து திரும்பிய சாமர்வெல், 1920-இல் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியைப் பெற்றார். இலண்டனில் சிறந்த எதிர்காலம் இவருக்குக் காத்திருந்தது. ஆயினும் போரைப் பற்றிய இவரது கருத்து முற்றிலும் மாறியிருந்தது. போர் என்பது வீரமன்று, மாந்தரின் அறிவின்மையே என்ற முடிவுக்கு வந்த இவர் இறுதிவரை அக்கொள்கையிலிருந்து மாறவில்லை.

எவரெஸ்ட் பயணங்கள்

1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் சாமர்வெல் இடம்பெற்றார். ஜார்ஜ் மலோரி, எட்வர்டு நார்ட்டன் உள்ளிட்ட குழுவினர் பலர் தம்மைப் போலவே போரில் பணியாற்றியவர்கள். அவ்வாண்டு மே 21 அன்று சாமர்வெல், மலோரி, நார்ட்டன் ஆகியோர் உயிர்வளிக் கலன்கள் இன்றி ஏறத்தாழ 8,225 மீட்டர் உயரத்தை அடைந்தனர். அதுவரை மாந்தர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

ஜூன் 7 அன்று மூன்றாம் முறை ஏற முயன்றபோது பனிச்சரிவு ஏற்பட்டது. சுமைதூக்கும் பணியில் இருந்த ஏழு பேர் அதில் புதையுண்டு இறந்தனர். குழுவில் இருந்த ஐரோப்பியர் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. இறந்தவர்களுள் தம் நாட்டவர் ஒருவரேனும் இருந்திருக்கலாகாதா, இழப்பில் தாங்களும் பங்கு கொண்டோம் எனக் காட்ட அது உதவியிருக்குமே எனச் சாமர்வெல் வருந்தினார்.

1924-ஆம் ஆண்டுப் பயணத்தில் வடகணவாயில் சிக்கிக்கொண்ட சுமைதூக்குவோர் நால்வரை, நார்ட்டன், மலோரி ஆகியோருடன் சென்று மீட்டார். பனிச்சரிவு அச்சமிருந்த சரிவில் கயிற்றின் துணையுடன் முன்னே சென்று அவர்களை அழைத்துவந்தவர் சாமர்வெல்லே. அதன் பின்னர் ஜூன் 4 அன்று நார்ட்டனுடன் சிகரத்தை நோக்கி ஏறினார். தொண்டையில் ஏற்பட்ட கடும் பாதிப்பால் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் அவர் நின்றுவிட, நார்ட்டன் தனியே 8,570 மீட்டருக்குச் சற்று மேலே வரை சென்று திரும்பினார். உயிர்வளிக் கலன் இன்றி அடையப்பட்ட உயரம் என்ற வகையில் நார்ட்டனின் சாதனை 1978 வரை முறியடிக்கப்படவில்லை.

இறங்கும் வழியில் சாமர்வெல்லின் மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற நார்ட்டனை அழைக்கவும் குரல் எழவில்லை. இறப்பு உறுதி என எண்ணிப் பனியில் அமர்ந்த அவர், இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தி இறுதியாக ஒருமுறை முயன்றார். குளிரால் உறைந்து உரிந்திருந்த தொண்டையின் உட்சவ்வு வெளியே வந்து விழ, மீண்டும் மூச்சு விட முடிந்தது. நான்கு நாட்களுக்குப் பின்னர், ஜூன் 8 அன்று, மலோரியும் ஆன்ட்ரூ இர்வினும் சிகரம் நோக்கிச் சென்று திரும்பாமல் மறைந்தனர். மலோரி எடுத்துச் சென்றது சாமர்வெல் தந்த புகைப்படக் கருவி எனக் கூறப்படுகிறது.

நெய்யூர்

மருத்துவமனையின் பின்னணி

நெய்யூர், அக்காலத் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில் இருந்தது. வேணாட்டு மன்னர்களின் அரண்மனையும் கைத்தறி நெசவும் கொண்ட பழைய ஊராகிய இரணியல் இதன் அருகில் உள்ளது. 1956, நவம்பர் 1 அன்று இப்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று.

இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லசு மீட் 1828-இல் நெய்யூரில் ஊழியத்தைத் தொடங்கினார். 1838-இல் மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே அங்கே மருத்துவப் பணியை ஆரம்பித்தார். 1860-களில் மருத்துவர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். இவ்வாறு பயின்றவர்களைக் கொண்டு சுற்றுவட்டாரங்களில் கிளை மருத்துவமனைகள் தோன்றின. மருத்துவத்துடன் சமயப் பரப்புரையும் இச்சங்கத்தின் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. ஆயினும் மருத்துவமனைக்கு எல்லாச் சமயத்தாரும் சாதியினரும் வந்தனர்.

1922: முதல் வருகை

1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்தபின், சாமர்வெல் சிறுதொகையுடன் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டார். நாட்டின் தென்கோடிவரை வந்த அவர், நெய்யூர் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே மருத்துவர் பியூ முதன்மை அறுவை மருத்துவராக ஓய்வின்றிப் பணிபுரிந்து களைத்திருந்தார். வெளியே நோயாளிகள் கூட்டங்கூட்டமாகக் காத்திருந்தனர். பலர் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள். சாமர்வெல் உடனே அறுவைப் பணியில் உதவலானார்.

ஆறாண்டுகளுக்கு முன் சொம் போர்க்களத்தில் கண்ட காட்சிக்கும் இதற்கும் ஒற்றுமை இருந்தது. இரு இடங்களிலும் மருத்துவர்கள் சிலர், காத்திருப்போர் பலர். ஒரு வேறுபாடும் இருந்தது. வெக்மோனில் காத்திருந்த கூட்டத்தைப் போர் உண்டாக்கியது. அதை நிறுத்த ஒரு மருத்துவரால் இயலாது. நெய்யூரில் காத்திருந்தோர் மருத்துவர் இல்லாமையால் காத்திருந்தனர். இன்னொரு மருத்துவர் வந்தாலே அவ்வரிசை குறையும். இலண்டன் மருத்துவமனையில் தமக்கிருந்த வாய்ப்பைத் துறந்து இங்கேயே பணியாற்ற அவர் முடிவு செய்தார். 1923-இல் இந்தியா திரும்பிப் பணியில் சேர்ந்தார். 1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் நெய்யூர் மருத்துவராகவே கலந்துகொண்டார். 1925-இல் மார்கரெட் ஹோப் சிம்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண்மக்கள் பிறந்தனர்.

குடற்புண் அறுவை

தெற்குத் திருவிதாங்கூரில் சிறுகுடலின் தொடக்கப்பகுதியில் தோன்றும் புண் மிகுதியாகக் காணப்பட்டது. புண் ஆறி வடுவாகும்போது உணவுப்பாதை அடைபட்டு, உண்டது கீழிறங்காமல் நோயாளி மெலிந்து இறக்க நேரும். அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் 1970-களில்தான் வந்தன என்பதால், அக்காலத்தில் அறுவையே தீர்வு. அடைபட்ட பகுதியைத் தவிர்த்து இரைப்பையைச் சிறுகுடலின் வேறொரு பகுதியுடன் இணைக்கும் அறுவையைச் சாமர்வெல் பெருமளவில் செய்தார். இதுகுறித்துத் தம்முடன் பணிபுரிந்த மருத்துவர் ஐ. எம். ஓர் என்பவருடன் இணைந்து 1936-இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

இந்நோய்க்கும் இப்பகுதி மக்களின் உணவுக்கும் தொடர்பு உண்டா என நெய்யூர் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மரச்சீனி என இங்கு வழங்கும் மரவள்ளிக்கிழங்கே ஏழைகளின் முதன்மை உணவாக இருந்தது. அதில் புரதமும் உயிர்ச்சத்துகளும் குறைவு. இரைப்பையில் வாழும் எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி குடற்புண்ணுக்கு முக்கியக் காரணம் என்பது 1980-களில் கண்டறியப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக பாரி மார்சல், இராபின் வாரன் ஆகியோர் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று இந்நோயின் பெரும்பகுதி மருந்துகளாலேயே குணப்படுத்தப்படுகிறது.

வாய்ப்புற்றுநோயும் தொழுநோயும்

வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் இப்பகுதியில் மிகுந்திருந்தது. சாமர்வெல்லுக்கு முன்னர் நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர் பென்டால், 1908-ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர்ப் புற்றுநோயாளிகள் 1,700 பேரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டிருந்தார். சாமர்வெல் காலத்திலும் இந்நோய்க்கான அறுவைகள் நெய்யூரின் முக்கியப் பணியாகத் தொடர்ந்தன.

தொழுநோயாளர் சிகிச்சையிலும் அவர் ஈடுபட்டார். அக்காலத்தில் இந்நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசிமூலம் செலுத்துவதே வழக்கிலிருந்த சிகிச்சை. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்த பின்னரே பயனுள்ள சிகிச்சை கிடைத்தது.

பணிமுறை

தலைமை மருத்துவமனையில் அறுவை செய்ததோடு, கிளை மருத்துவமனைகளுக்கும் சாமர்வெல் முறையாகச் சென்று வந்தார். அங்கே உள்ளூர் மருத்துவர்கள் பார்த்துவைத்திருந்த நோயாளிகளுக்கு அறுவை செய்து திரும்புவார். இப்பகுதிக்கு அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. நெய்யூருக்கு அருகிலுள்ள இரணியல் தொடருந்து நிலையம் இப்பாதையில் அமைந்துள்ளது. எனவே கிளைகள் இல்லையெனில், கடும் நோயுற்றோர் மாட்டுவண்டியிலோ கட்டிலில் சுமக்கப்பட்டோ நெடுவழி கடந்தே மருத்துவரைக் காணவேண்டியிருந்திருக்கும்.

முன்னணியில் சிறு நிலையங்கள், நடுவில் அறுவைக்கான மருத்துவமனை என்ற இவ்வமைப்பு, போர்க்கால மருத்துவ அமைப்பை நினைவூட்டுவதாகும். எனினும் நெய்யூரின் கிளை அமைப்பு சாமர்வெல் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே உருவானது. அதை அவர் தொடர்ந்து வளர்த்தார்.

வேலூரும் இறுதிக்காலமும்

1949-இல் சாமர்வெல் நெய்யூரிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். இவரது பணிக்காகப் பிரித்தானிய இந்திய அரசு கைசர்-இ-இந்து பதக்கம் வழங்கியது. 1953-இல் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.இ. விருதைப் பெற்றார். 1922 எவரெஸ்ட் பயணக் குழுவினர் என்ற வகையில் 1924-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியின்போது வழங்கப்பட்ட மலையேற்றப் பதக்கமும் இவரைச் சேர்ந்தது.

பணி ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பி ஏரி மாவட்டத்தில் வாழ்ந்தார். 1962 முதல் 1965 வரை ஆல்பைன் மன்றத்தின் தலைவராக இருந்தார். 1975, ஜனவரி 23 அன்று ஆம்பிள்சைடு என்னும் ஊரில் காலமானார்.

எழுத்தும் கலையும்

சாமர்வெல்லின் தன்வரலாறு, "எவரெஸ்டுக்குப் பின்" எனப் பொருள்படும் தலைப்பில் 1936-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. போர்க்கால அனுபவங்கள், மலையேற்றம், நெய்யூர்ப் பணி ஆகிய மூன்றையும் அதில் விவரித்துள்ளார். இந்தியாவில் தாம் செய்த அறுவை மருத்துவப் பணியைப் பற்றித் தனி நூலும் எழுதினார். இமயமலை, திபெத்து நிலக்காட்சிகளை வரைந்த இவரது ஓவியங்கள் பெயர்பெற்றவை. பயணங்களின்போது கேட்ட திபெத்திய இசையைக் குறித்துவைத்து, 1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் குறித்த திரைப்படத்துக்காக அமைத்துத் தந்தார்.

நினைவு

நெய்யூர் மருத்துவமனை, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின்னர் அதன் நிருவாகத்தின்கீழ் வந்தது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்தில் அத்திருச்சபை நடத்தும் மருத்துவக் கல்லூரிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. பிரான்சில் மூன்றாண்டுகள் இராணுவ மருத்துவராக இருந்த இவர், அதன்பின் தமிழகத்தின் தென்கோடியிலும் வேலூரிலும் ஏறத்தாழ 38 ஆண்டுகள் பணிபுரிந்தார்.